சுத்தமான பக்கம்

தண்ணீர் வேண்டாம் மேடம், பையிலேயே பாட்டில் வைத்திருக்கிறேன். வெளியிடங்களில் நான் யாருடைய தம்ளரிலும் குடிப்பதில்லை. சின்ன வயதிலிருந்தே அப்படிப் பழகிவிட்டது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ஸ்டேஷன் தம்ளர் நன்றாகக் கழுவித்தான் இருக்கிறது, நான் பார்த்தேன்.

என் பெயர் பூவராகவன். பொன்னேரிக்குப் பக்கத்தில் வீடு. நிலம் உண்டு, அப்பா இன்னும் நெல் போடுகிறார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இறால் தீவன ஆலையில் கம்ப்யூட்டர் பிரிவை நான்தான் பார்க்கிறேன். வெளியே பெஞ்சில் துப்பட்டா நுனியை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே தேவதர்ஷினி, அவள் எனக்குக் கீழே வேலை பார்த்தவள். அவள் எழுதிய வெப் பக்கம் சரியாக வேலை செய்யாததால்தான் அவளுடைய அண்ணன் ஜெகன் தீவனம் கலக்கும் மிக்சருக்குள் மாட்டிச் செத்தான் என்று முடிவாகி, இன்றைக்கு அவளைக் கோர்ட்டுக்குக் கூட்டிப் போகிறீர்கள். சொந்த அண்ணனைக் கொன்றவள் என்று பெற்ற தாயே அவளை வீட்டுக்குள் சேர்க்கவில்லையாம். அந்த முடிவில் ஒரு திருத்தம் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன்.

டைப் செய்கிறவரைத் தயாராக இருக்கச் சொல்லுங்கள். நான் நிதானமாகத்தான் பேசுவேன், அவருக்குச் சிரமம் இருக்காது.

முதலில் ஒரு சின்ன விஷயம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். ஒரு வெப் பக்கத்தில் பட்டன் இருக்கிறது. அதை அழுத்தினால் ஏதோ ஒரு வேலை நடக்க வேண்டும். அந்த வேலையை எழுதி வைக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, பட்டன் மேலேயே எழுதிவிடுவது. என்னை அழுத்தினால் மோட்டாரை நிறுத்து என்று அதன் முதுகிலேயே ஒட்டிவிடுவது மாதிரி. இன்னொன்று, பட்டனுக்கு ஒரு பெயரை மட்டும் வைத்துவிட்டு, அந்தப் பெயருள்ள பட்டனை அழுத்தினால் என்ன செய்ய வேண்டும் என்பதை வேறொரு கோப்பில் தனியாக எழுதுவது. அந்தக் கோப்பை ஸ்கிரிப்ட் என்போம். பக்கம் தனியாக இருக்கும், வேலை தனியாக இருக்கும். ஒன்றின் மேல் ஒன்று படாது. தொழில் தெரிந்தவர்கள் யாரைக் கேட்டாலும் இரண்டாவது வழியைத்தான் சொல்வார்கள். இது என் சொந்தக் கருத்து இல்லை.

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நடவுக்கு வருகிறவர்களுக்கென்று தனிச் சொம்பு உண்டு, வேலி ஓரம் கவிழ்த்து வைத்திருப்போம். அவர்களே எடுத்துக் குடித்துவிட்டு அவர்களே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். இதில் யாரும் யாரையும் குறைவாகப் பேசியதில்லை. முகம் சுளித்ததுகூட இல்லை. எதெது எங்கெங்கே இருக்க வேண்டுமோ அங்கங்கே இருந்தால் சண்டைக்கே இடமில்லை. நான் படித்து முடித்து வேலைக்கு வந்த பிறகு, வெப் பக்கத்துக்கும் இதே ஒழுங்குதான் சொல்லப்பட்டிருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது.

ஆலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கருவாட்டுத் தூள், சோயா, கோதுமை, மீன் எண்ணெய் எல்லாவற்றையும் ஒரு நீளமான இரும்புத் தொட்டியில் போட்டு, உள்ளே முறுக்கிய பட்டை மாதிரி ஒரு தகடு சுழன்று கலக்கும். அதுதான் மிக்சர். நாற்றத்தைப் பற்றி நான் பேச விரும்பவில்லை. ஆலைக்கு வெளியே டீக்கடைக்காரன்கூட எங்களைத் தள்ளி நிறுத்தித்தான் டீ கொடுப்பான். நான் என் அறையில் இரண்டு கதவு போட்டுக்கொண்டேன். சாயங்காலம் ரயில் ஏறுவதற்கு முன்னால் சட்டையை மாற்றிக்கொள்வேன். சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

சனிக்கிழமை சனிக்கிழமை மிக்சரைச் சுத்தம் செய்வார்கள். எண்ணெயும் தூளும் சேர்ந்து பிசின் மாதிரி தகட்டில் ஒட்டியிருக்கும். ஆள் உள்ளே இறங்கித்தான் சுரண்ட வேண்டும். அந்த ஆள் ஜெகன். அவன் உள்ளே இருக்கும்போது கன்ட்ரோல் ரூமில் யாரும் மோட்டாரைப் போட்டுவிடக் கூடாது. அதற்கென்று சாவி போட்டுப் பூட்டும் சுவிட்ச் ஒன்று இருந்தது, துருப்பிடித்து உடைந்துபோயிற்று. மேனேஜர் சுப்பிரமணி புதிது வாங்கித் தரவில்லை. அதனால் தேவதர்ஷினி தான் எழுதிக்கொண்டிருந்த வெப் பக்கத்திலேயே ஒரு பூட்டு பட்டன் வைத்தாள். மிக்சர் பக்கத்துத் தூணில் ஒரு டேப்லெட் மாட்டியிருக்கும். ஜெகன் அதில் பூட்டு பட்டனை அழுத்துவான், பட்டன் சிவப்பாகும், மோட்டார் பூட்டிக்கொள்ளும், மேலே ஒரு மஞ்சள் விளக்கும் எரியும். பிறகு இறங்குவான். வேறு எந்தப் பாதுகாப்பும் அவனுக்குக் கிடையாது. இது எனக்குத் தெரியும். ஆலையில் எல்லாருக்கும் தெரியும்.

தேவதர்ஷினியை எனக்குக் கீழே போட்டபோது நான் மறுப்பு சொல்லவில்லை. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்துப் பெண், படித்து வந்திருக்கிறாள், நல்ல விஷயம் என்றுதான் சொன்னேன். கெட்டிக்காரிதான். ஆனால் அவள் சாப்பிடுகிறதை நீங்கள் பார்க்க வேண்டும். டப்பாவைத் திறந்ததும் சோறு, குழம்பு, நெத்திலி வறுவல், முட்டை, எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, உள்ளங்கை முழுக்கப் படும்படி பிசைவாள். நான் தட்டில் பொரியல் மேல் ரசம் பட்டாலே அந்தப் பக்கத்தைச் சாப்பிடமாட்டேன். அவள் பிசைகிற சத்தம் எனக்குக் கேட்கும். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து கீபோர்டில் கை வைப்பாள். கழுவித்தான் வருவாள், அதை மறுக்கவில்லை. இருந்தாலும் அந்தக் கீபோர்டை நான் தொடும்படி வந்தால் பேனா முனையால்தான் அழுத்துவேன்.

ஒருநாள் அவள் எழுதிய பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு பட்டன் மேலும் ஆன்கிளிக், அதாவது அழுத்தினால், என்று போட்டு, அதற்குள்ளேயே கட்டளை, அதற்குள்ளேயே நிறம். எல்லாம் ஒன்றோடு ஒன்று பிசைந்த சோறு மாதிரி கிடந்தது. பூட்டு பட்டனுக்கு அவள் வைத்திருந்த பெயர் என்ன தெரியுமா, ஜெகன். கம்பெனி பக்கத்தில் ஒரு பட்டனுக்கு அண்ணன் பெயர். கூப்பிட்டுக் கேட்டேன்.

“உள்ள எறங்கறது அவன்தானே சார்,” என்றாள். “பேர பாக்கும்போதுலாம் இது ஆள் உயிருன்னு ஞாபகம் இருக்கட்டும்னு வச்சேன்.”

“இது ஆபீஸ். உங்க ஊட்டு ரேஷன் கார்டு இல்ல,” என்றேன். நான் சத்தமாகச் சொல்லவில்லை. அவளும் சிரித்துவிட்டுத்தான் போனாள்.

அதன் பிறகு நானே உட்கார்ந்து பக்கத்தைச் சுத்தம் செய்தேன். பட்டன்களின் மேல் ஒட்டியிருந்த கட்டளைகளையெல்லாம் உரித்தெடுத்துத் தனி ஸ்கிரிப்ட் கோப்பில் போட்டேன். மீனை ஆய்கிற மாதிரி என்று அவள் சொன்னாள், அந்த ஒப்பீடு எனக்குப் பிடிக்கவில்லை. நிறம் மாறுவதையும் வேலையிலிருந்து பிரித்தேன். பூட்டு பட்டனைத் தொட்டால் சிவப்பாவது பக்கத்தின் பொறுப்பு, தோற்றம் அவ்வளவுதான். மோட்டாரைப் பூட்டுவது ஸ்கிரிப்டின் பொறுப்பு. ஒன்று மற்றொன்றுக்காகக் காத்திருக்காது. வேலை முடிந்து பக்கத்தைத் திறந்து பார்த்தபோது, கழுவிவிட்ட தரையில் வெறுங்காலோடு நடப்பது போல இருந்தது. நான் அதிகம் சந்தோஷப்படுகிற ஆள் இல்லை மேடம். அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன்.

அந்தப் பக்கத்தை ஏற்றினேன், நன்றாகவே ஓடியது. அடுத்த சனிக்கிழமை ஜெகன் பூட்டி, இறங்கி, சுரண்டி, ஏறி வந்தான். ஒரு குறையும் இல்லை. ஒன்று மட்டும் என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. பட்டனின் பெயர் இன்னும் ஜெகன் என்றே இருந்தது. சுத்தமான பக்கத்தில் அந்தப் பெயர் அழுக்கு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்திலும் ஸ்கிரிப்டிலும் அதை எடுத்துவிட்டு, மோட்டார் பூட்டு என்று முறையான பெயர் வைத்தேன்.

தேவதர்ஷினி அப்போதுதான் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

“சார், பிரிக்கிறது நல்லதுதான், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா டேப்லெட்டு பக்கத்த ஒவ்வொரு வாட்டியும் புச்சா கேட்டு வாங்கும். ஸ்கிரிப்ட்ட ஒருதபா வாங்கிக்கினா தன்கிட்டயே வச்சிக்கினு அதையே ஓட்டிக்கினு இருக்கும். நீங்க இப்ப பேர மாத்திட்டீங்க. பக்கம் புச்சா வரும், ஸ்கிரிப்ட்டு பழசா நிக்கும். அது ஜெகன்னு ஒரு பட்டன தேடும், அப்டி ஒண்ணு இருக்காது. பேசாம போயிடும் சார். தப்புன்னு ஒரு வார்த்த கூட சொல்லாது.”

“தெரியும்,” என்றேன். எனக்குத் தெரியும்தான்.

“கோப்பு பேருக்குப் பின்னாடி ஒரு நம்பர சேத்துடுங்க சார். நம்பர் மாறுனா புச்சு போலன்னு அதுவே வாங்கிக்கும். இல்லன்னா இந்த ஒரு பட்டனுக்கு மட்டும் பழயபடி மேலயே எழுதி வுட்ருங்க. மத்ததுலாம் உங்க இஷ்டம். இதுல எங்க அண்ணன் உள்ள எறங்கறான் சார்.”

கோப்பின் பெயருக்குப் பின்னால் கேள்விக்குறி போட்டு ஒரு எண்ணைத் தொங்கவிடுவது ஒரு வழக்கம், உண்டு. நிறையப் பேர் செய்கிறார்கள். பார்க்க எனக்கு அது கழுவாத வால் மாதிரி இருக்கும். ஒரு பட்டனுக்கு மட்டும் விதிவிலக்கு என்பதோ அதைவிட மோசம். ஒரு வாளிப் பாலில் ஒரு துளிதான் என்று யாராவது எதையாவது விட்டால் நீங்கள் குடிப்பீர்களா? நானே போய் எல்லாக் கருவியிலும் புதிதாக ஏற்றிவிடுகிறேன் என்று சொன்னேன். அவள் நம்பினாள். நான் சொன்னால் செய்கிறவன் என்று அவளுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் புதுப் பக்கத்தை ஏற்றினேன். கன்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டரில் பழைய ஸ்கிரிப்டைத் துடைத்துவிட்டுப் புதிதை வாங்கவைத்தேன். தாவீது என்கிற ஆபரேட்டர் அதில் உட்காருவார், சுத்தமான மனிதர், மேஜையில் ஒரு தூசு இருக்காது. பிறகு மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு மிக்சர் ஷெட்டுக்குப் போனேன்.

ஜெகன் அங்கே இருந்தான். அவனைப் பற்றி நான் தப்பாகச் சொல்ல ஒன்றுமில்லை. என்னைக் கண்டால் அவ்வளவு சந்தோஷப்படுவான். தங்கைக்கு வேலை சொல்லிக் கொடுக்கிற சார் என்று மரியாதை. ஏரியில் இறால் நிறையப் பட்டால் காயவைத்துப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து கொடுப்பான். நான் வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை, மனம் நோகும். வாங்கிக்கொண்டு போய்ப் பொன்னேரி ரயில் ஸ்டேஷன் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, பைக்குள் வாசம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன். அடுத்த முறை பார்க்கும்போது, “இன்னா சார், ஊட்ல புட்ச்சிதா?” என்பான். ரொம்பப் பிடித்தது என்பேன்.

“வாங்க சார், இன்னா இவ்ளோ தூரம்,” என்றான் அன்றைக்கும். “புச்சா எதோ போட்டுக்கினு இருக்கீங்கன்னு பாப்பா சொல்ச்சி.”

“பூட்ட அமுக்கிப் பாரு,” என்றேன்.

அவன் தூணிலிருந்து டேப்லெட்டைக் கழற்றி எடுத்தான். கட்டைவிரலால் அழுத்தினான். பட்டன் அழகாகச் சிவப்பானது. நான் எழுதினபடியே, ஒரு நொடிகூடத் தயங்காமல். மேலே மஞ்சள் விளக்கைப் பார்த்தேன். எரியவில்லை. அந்த விளக்கு அடிக்கடி ப்யூஸ் போகும், அதை யாரும் நம்புவதில்லை, ஜெகன் நிமிர்ந்தே பார்க்கவில்லை. நான் பார்த்தேன். தேவதர்ஷினி சொன்னது அப்படியே நடந்திருந்தது. டேப்லெட்டுக்குள் பழைய ஸ்கிரிப்ட் உட்கார்ந்துகொண்டு, இல்லாத பெயரைத் தேடிக்கொண்டிருந்தது. மோட்டார் பூட்டவில்லை.

அதைச் சரிசெய்வது பெரிய வேலையே இல்லை. திரையில் நாலு இடத்தில் விரல் வைத்தால் போதும், பழையது போய்ப் புதியது வந்துவிடும். ஜெகன் டேப்லெட்டை என்னிடம் நீட்டினான்.

“கரெக்டா கீதா சார், நீங்களே பாத்துடுங்க.”

திரை முழுக்க மீன் எண்ணெய் ஏடு கட்டியிருந்தது. அதன் மேல் தூள். தூளின் மேல் அவன் விரல் ரேகைகள், ஒன்றின் மேல் ஒன்றாக, எத்தனை நாள் ரேகையோ. ஓரத்தில் செதில் ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது. நீட்டிய கையின் நகக்கண்ணிலும் அதே பசை. என் கை தானாகவே பாக்கெட்டுக்குள் போய்விட்டது. நான் வேண்டுமென்று செய்யவில்லை மேடம், உடம்பு செய்தது. யாருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

துடைத்துக் கொடு என்று அவனிடம் சொல்லியிருக்கலாம். அவன் சட்டையில்தான் துடைப்பான். எந்தெந்த இடத்தை அழுத்த வேண்டும் என்று சொல்லி அவனையே அழுத்த வைத்திருக்கலாம். அதற்கு அவன் தோள் பக்கம் குனிந்து நிற்க வேண்டும். தங்கையைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். கூப்பிட்டால், நான் அப்பவே சொன்னேனே சார் என்பாள். சொல்லாவிட்டாலும் அவள் முகம் சொல்லும். நாளைக்குக் காலையில் கையுறை வாங்கி வந்து செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்.

“சார், கரெக்டா கீதா?” என்று மறுபடியும் கேட்டான்.

“இருக்கு,” என்றேன். “சுத்தமா இருக்கு.”

மறுநாள் காலை வழக்கமான ரயிலில்தான் வந்தேன். கையுறை வாங்கக் கடை திறந்திருக்கவில்லை. ஸ்டேஷன் வாசலில் மெடிக்கல் ஷாப் ஒன்று திறந்திருந்தது என்று நீங்கள் சொல்லலாம், அங்கே கூட்டமாக இருந்தது. ஆலைக்கு வந்து, அறையில் உட்கார்ந்து, என் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டேன். அது சுத்தம் செய்கிற நாள் என்பது எனக்கு மறந்துபோகவில்லை. கேட்பீர்கள் என்று நானே சொல்லிவிடுகிறேன். ஷெட்டுக்குப் போக வேண்டும், போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே டீயைக் குடித்தேன். டீ சூடாக இருந்தது.

மிக்சர் ஓடும்போது சீரான ஒரு சத்தம் வரும், இரண்டு கதவு தாண்டியும் கேட்கும். அன்றைக்கு அது ஆரம்பித்து, உடனே வேறு மாதிரி மாறி, பிறகு நின்றது. தாவீது மேல் எந்தத் தப்பும் இல்லை. அவர் திரையில் பூட்டு விழவில்லை என்றுதான் காட்டியது, ஆள் இறங்கவில்லை என்று நினைத்துத் தகட்டைத் திருப்பிப் பார்ப்பதற்காக மோட்டாரைப் போட்டிருக்கிறார். பாவம், இப்போது வேலைக்கே வருவதில்லை.

எல்லாரும் மிக்சர் பக்கம் ஓடினார்கள். நானும் போனேன். உள்ளே எட்டிப் பார்த்தேன், ஒரு தடவை. எதிலிருந்து எதைப் பிரிப்பது என்று அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் கேட்காதீர்கள். அதற்குப் பிறகு நான் எதையும் கலந்து சாப்பிடுவதில்லை, தயிர்கூடத் தனிக் கிண்ணத்தில்தான்.

இனிமேல் சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனமாக டைப் செய்யச் சொல்லுங்கள். எல்லாரும் மிக்சரைச் சுற்றி நின்றபோது, டேப்லெட் தூணில் தொங்கிக்கொண்டிருந்தது. பட்டன் இன்னும் சிவப்பாகவே இருந்தது. நான் என் அறைக்குப் போய், லேப்டாப்பில் என் பக்கத்தையும் ஸ்கிரிப்டையும் எடுத்துவிட்டு, அவள் முதலில் எழுதின பழைய பக்கத்தை, பட்டன் மேலேயே எல்லாம் ஒட்டியிருந்த அந்தப் பக்கத்தை, சர்வரில் திரும்ப வைத்தேன். பிறகு ஷெட்டுக்கு வந்து, கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டு, டேப்லெட்டில் அந்த நாலு இடத்தையும் அழுத்தினேன். பழைய ஸ்கிரிப்ட் போயிற்று, அவள் பக்கம் வந்தது. எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கைக்குட்டையைக் கொதிகலன் அடுப்பில் போட்டேன். கையை முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

தேவதர்ஷினி லேட்டாகத்தான் வந்தாள், அவள் வருகிற பஸ் அப்படி. ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சார், பூட்டலயா சார்? அவன் பூட்டாம எறங்கமாட்டான் சார். நீங்களே ஏத்திட்றேன்னு சொன்னீங்களே சார்.”

என் சட்டைக் கை முழுக்க அவள் கண்ணீரும் சளியுமாக ஆகிவிட்டது. நல்லவேளை, மாற்றுச் சட்டை வைத்திருந்தேன்.

உங்கள் ஆட்கள் வந்து திறந்து பார்த்தபோது டேப்லெட்டில் இருந்தது அவள் பக்கம். அவள் எழுத்து, அவள் அண்ணன் பெயர். சென்னையிலிருந்து வந்த நிபுணர் அழுத்திப் பார்த்தபோது பூட்டு வேலை செய்தது. ஆனாலும், இப்படிக் கட்டளையையும் பக்கத்தையும் ஒன்றாகப் பிசைந்து எழுதினால் பிழை எப்போது எங்கே வரும் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். சரியாகத்தான் சொன்னார். நானும் தலையாட்டினேன். அவள் மட்டும், இது நான் எழுதினதுதான், ஆனால் இது ஓடவில்லை, சார் மாற்றிவிட்டார், சாரைக் கேளுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். உங்களிடமும் அதைத்தான் சொல்லியிருப்பாள். என்னைக் கேட்டபோது, அண்ணன் போன துக்கத்தில் பேசுகிறாள் என்றேன். எல்லாரும் அதை ஒத்துக்கொண்டார்கள். அவள்கூடக் கடைசியில் தன் மேலேயே சந்தேகப்பட ஆரம்பித்தாள் என்று நினைக்கிறேன்.

அப்படியே விட்டிருப்பேன் மேடம். மறைத்துப் பேச எனக்கு ஒன்றுமில்லை. நன்றாகத் தூங்கினேன், வேளைக்குச் சாப்பிட்டேன். நேற்று சுப்பிரமணி என்னை அறைக்குக் கூப்பிட்டு, நிபுணர் கொடுத்த அறிக்கையைக் காட்டினார்.

“உன்னையும் லைட்டா இழுத்து வுட்ருக்கான் ராகவா,” என்றார். “ஒண்ணும் பேஜார் ஆவாத. கேசு அந்தப் பொண்ணு மேலதான். உனுக்கு ஒரு வார்னிங், அவ்ளோதான்.”

படித்துப் பார்த்தேன். இந்தப் பக்கம் பூவராகவன், தேவதர்ஷினி ஆகிய இருவரும் சேர்ந்து உருவாக்கியது என்று ஒரு வரி. இருவரும் சேர்ந்து. அதற்குக் கீழே அந்தப் பக்கத்தின் படம், ஒவ்வொரு பட்டன் மேலும் கட்டளை அப்பிக்கொண்டு, நடுவில் அண்ணன் பெயரோடு. என் பெயரும் அவள் பெயரும் நடுவில் ஒரு கால்புள்ளியோடு ஒட்டிக்கொண்டு. ராத்திரி முழுக்க உடம்பெல்லாம் ஏதோ ஊர்ந்தது. மூன்று தடவை குளித்தேன். ஜெகன் செத்த அன்றைக்குக்கூட இப்படி இருந்ததில்லை.

அதுதான் திருத்தம். எழுதிக்கொள்ளுங்கள். டேப்லெட்டில் நீங்கள் பார்த்த பக்கம் என்னுடையது இல்லை. அதில் என் கை படவே இல்லை. அந்த மாதிரி ஒரு பக்கத்தை நான் உயிரே போனாலும் எழுதமாட்டேன். அவள் பக்கம் நன்றாகவே வேலை செய்தது, அழுத்தினால் பூட்டும், அதை வைத்துத்தான் ஜெகன் அத்தனை சனிக்கிழமையும் உயிரோடு ஏறி வந்தான். அவன் செத்த அன்றைக்கு ஓடியது என் பக்கம். பூட்டாது என்று எனக்கு முந்தின நாளே தெரியும். தெரிந்துதான் இருக்கு என்று சொன்னேன். ஆனால் அந்தப் பக்கத்தை நீங்கள் பார்க்க வேண்டும். பட்டன் மேல் ஒரு எழுத்து அழுக்கு இல்லை. அதன் பிரதி என் லேப்டாப்பில் பத்திரமாக இருக்கிறது, கொண்டுவந்திருக்கிறேன். அறிக்கையில் படம் போடுவதாக இருந்தால் அதைப் போடுங்கள்.

எனக்கு அந்தப் பெண் மேலோ அவள் அண்ணன் மேலோ எந்த வெறுப்பும் கிடையாது. இருந்திருந்தால் அத்தனை இறால் பொட்டலத்தையும் வாங்கியிருப்பேனா? நான் மனிதர்களைப் பேதம் பார்க்கிறவன் இல்லை. எனக்கு வேண்டியதெல்லாம் ஒழுங்கு.

முடிந்துவிட்டது. அவளை அனுப்பிவிடலாம். டைப் செய்ததைக் கொடுங்கள், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். அந்தப் பேனா வேண்டாம் மேடம், காலையில் அவள் அதில்தானே கையெழுத்துப் போட்டாள். என் சட்டைப் பையில் என் பேனா இருக்கிறது.